ரீச்சர் ஏன் தயங்குகிறார்? உட்படுத்தல் கல்வியும் ஆசிரியர் மனப்பாங்கும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்ப்பதென்றால் வீடே அதிலேயே நிற்கும். விண்ணப்பம், வதிவிட உறுதி, நேர்முகம் என்று மாதக்கணக்கில் அலைச்சல். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, நடக்க ஏலாது, அல்லது பேச்சு வரப் பிந்தியது என்றால் அலைச்சல் இரட்டிப்பு. கடைசியில் அதிபர் "சரி, கொண்டுவாருங்கோ" என்று சொல்லிவிடுவார். சட்டமும் சுற்றுநிருபமும் பிள்ளையை வகுப்பு வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால் நடப்பதெல்லாம் வகுப்பாசிரியரின் கையில். பிள்ளை எந்த வாங்கில் இருக்கும், அவனிடம் கேள்வி கேட்கப்படுமா, கொப்பி திருத்தப்படுமா, குழு வேலையில் யாரோடு சேருவான் என்பதை வேறு யாரும் தீர்மானிப்பதில்லை.

அந்தத் தீர்மானங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் கல்வியியலில் ஆசிரியரின் மனப்பாங்கு என்கிறோம். உட்படுத்தல் கல்வி பற்றி உலகில் நடந்த ஆய்வுகளில் மிக அதிகமாகத் தோண்டப்பட்ட விடயங்களில் இதுவும் ஒன்று. கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெறும் தம்பி தங்கைகளுக்கும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதிபர் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் உட்படுத்தல் என்றால் என்ன என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சமவாயத்தை நிறைவேற்றியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. அந்த உறுப்புரைக்கு 2016இல் ஐ.நா. குழு கொடுத்த விளக்கத்தில் நான்கு நிலைகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கிடைக்காமல் போவது விலக்கல். தனியான பாடசாலையில் படிப்பது பிரித்துவைத்தல். சாதாரண பாடசாலைக்குள் இடம் கொடுத்துவிட்டு, அங்குள்ள முறைக்குப் பிள்ளைதான் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று விடுவது ஒருங்கிணைத்தல். பிள்ளைக்காகப் பாடசாலை தன் இருக்கை, கற்பிக்கும் விதம், கணிப்பீடு, கட்டடம் ஆகியவற்றை மாற்றிக்கொள்வது உட்படுத்தல்.

எங்கள் மாவட்டத்திலேயே இவை எல்லாவற்றையும் காணலாம். கைதடி நவீல்ட் பாடசாலை 1950களிலிருந்து செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்துவருகிறது. சுன்னாகத்தில் வாழ்வகமும் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் இருக்கின்றன. வேறு கதவு எதுவும் திறக்காத காலத்தில் இந்த இடங்கள் செய்த பணியைச் சிறிதாகப் பேசக்கூடாது. சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. அங்கே பிள்ளை காலைப் பிரார்த்தனையில் எல்லோரோடும் நின்று தேவாரம் பாடுவான்; மணி அடித்ததும் தனி அறைக்குப் போய்விடுவான். இது ஒருங்கிணைத்தலின் ஒரு வகை. நாலாவது நிலை எங்கள் ஊரில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு தனி ஆசிரியரின் அக்கறையில் தங்கியிருக்கிறது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதுவும் போய்விடும்.

மனப்பாங்கு என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். உளவியலில் அதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று, ஆசிரியர் எதை நம்புகிறார் என்பது: "இந்தப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளோடு இருந்து படிக்க உரிமை இருக்கு." இரண்டாவது, உள்ளே என்ன உணர்கிறார் என்பது: பிள்ளைக்கு வகுப்பில் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம், தான் பிழையாக ஏதும் செய்துவிடுவேனோ என்ற பதற்றம், சில வேளை வெளியில் சொல்ல வெட்கப்படும் ஓர் அருவருப்பு. மூன்றாவது, அவர் என்ன செய்வதற்குத் தயாராக இருக்கிறார் என்பது: பாடக்குறிப்பில் அந்தப் பிள்ளைக்கென ஒரு செயற்பாட்டைச் சேர்ப்பாரா, இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குவாரா?

இந்த மூன்றும் ஒரே திசையில் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. உரிமையை மனதார ஏற்றுக்கொண்ட ஆசிரியை ஒருவர், பிள்ளை சத்தமிட்டு அழும்போது கைகால் நடுங்கி நிற்பார். உட்படுத்தல் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு பழைய ஆசிரியர், பார்வை குறைந்த பிள்ளையைப் பேச்சில்லாமல் முன் வாங்குக்கு மாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மேடைப் பேச்சில் வெளிப்படுவது முதலாவது மட்டும்தான். பிள்ளையின் நாள் நல்லபடி போகுமா என்பதை முடிவுசெய்வது மற்ற இரண்டும்.

இங்கே "பாவம்" என்ற உணர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எங்கள் ஆசிரியர்களிடம் வெறுப்பைவிட இரக்கம்தான் அதிகம். "பாவம் பிள்ளை, ஆக்கினைப்படுத்தாதேங்கோ" என்று சொல்லிச் சித்திரக் கொப்பியும் நிறப் பென்சிலும் கொடுத்துப் பின்வாங்கில் இருத்திவிடுவார்கள். கேள்வி கேட்பதில்லை. வீட்டுவேலை கொடுப்பதில்லை. கொப்பியில் என்ன இருந்தாலும் ஒரு சரி அடையாளம். பார்ப்பவருக்கு இது அன்பாகத் தெரியும். பெற்றோரும் "ரீச்சர் பிள்ளையிலை நல்ல விருப்பம்" என்று நன்றியோடு போவார்கள். ஐந்து வருடம் இப்படிப் போனபின், கற்கக்கூடிய பிள்ளை வாசிக்கத் தெரியாமல் ஆறாம் தரத்துக்குப் போகிறான். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பாடங்களுக்கு ஒரே ரீச்சர் இருந்தார். ஆறாம் தரத்தில் மணிக்கு மணி ஆள் மாறும். அங்கே ஒருவரும் அவனைத் தன் பிள்ளையாக எண்ண நேரமில்லை. எதிர்பார்ப்பைக் குறைக்கும் இரக்கம் மனப்பாங்குக் கணக்கெடுப்பில் நல்ல புள்ளி வாங்கும். பிள்ளைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. வெளிப்படையாக மறுப்பவரோடு வாதாடலாம். இரங்குபவரோடு வாதாடுவது அதைவிடக் கடினம்.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வாளர்களான தோமஸ் ஸ்கரக்ஸும் மார்கோ மாஸ்ட்ரோபியேரியும் 1958 முதல் 1995 வரை நடந்த 28 ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் கலந்துகொண்டிருந்தனர். வலுவிழப்புள்ள பிள்ளைகளைச் சாதாரண வகுப்பில் சேர்க்கும் கொள்கையை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். ஆனால் அதைச் செய்யத் தங்களுக்குப் போதிய நேரமோ திறனோ பயிற்சியோ வளமோ இருக்கிறது என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. "சரியான விடயம்தான், ஆனால் என்னாலை ஏலாது" என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஓய்வறையில் கேட்கும் அதே பேச்சு கடல் கடந்தும் அப்படியே இருந்திருக்கிறது.

2002இல் பிரித்தானியாவில் அவ்ராமிடிஸ், நோர்விச் ஆகிய இருவரும் இந்தத் துறை ஆய்வுகளை மீண்டும் தொகுத்தார்கள். மனப்பாங்கைத் தீர்மானிக்கும் காரணிகளைப் பிள்ளை சார்ந்தவை, ஆசிரியர் சார்ந்தவை, சூழல் சார்ந்தவை என்று வகுத்தார்கள். ஆசிரியரின் வயது, பால் போன்றவற்றைவிடப் பிள்ளையின் வலுவிழப்பு எந்த வகையானது, எவ்வளவு கடுமையானது என்பதே ஆசிரியரின் பதிலைக் கூடுதலாக மாற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டி பூர் குழுவினர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள் பற்றிய 26 ஆய்வுகளை ஆராய்ந்தபோது முடிவு இன்னும் கவலைக்குரியதாக இருந்தது. பெரும்பாலான ஆசிரியர்கள் நடுநிலையிலோ எதிர்நிலையிலோதான் இருந்தார்கள். தெளிவாக ஆதரவான முடிவைக் காட்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை.

வலுவிழப்பின் வகை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை ஏற்றுக்கொள்வதற்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள், வகுப்பு கீழ்மாடியில் இருந்தால். பார்வை, செவி என்று வரும்போது "எனக்குப் பிரெயில் தெரியாதே", "சைகை தெரியாதே" என்ற தயக்கம் எழும். அறிவுசார் வலுவிழப்பு என்றால் தயக்கம் கூடும். நடத்தையில் வேறுபடும் பிள்ளை, எழுந்து ஓடும் பிள்ளை, கத்தும் பிள்ளை, அடிக்கும் பிள்ளை என்றால் பலர் நேரே மறுத்துவிடுவார்கள். இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பிள்ளை வகுப்பின் ஒழுங்கை அதிகம் குலைக்குமோ, எந்தப் பிள்ளை ஆசிரியரின் கற்பிக்கும் முறையை அதிகம் மாற்றக் கேட்குமோ, அந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பும் அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத வலுவிழப்பு வேறு கதை. எழுத்தில் மட்டும் தடுமாறும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் பேசுவான், கதை சொல்லுவான், கணக்கை மனத்தாலே செய்வான், எழுதச் சொன்னால் மட்டும் நாலு வரி வராது. தமிழ் எழுத்து அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு தனிச் சோதனை. 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பை ககரத்துக்கு முன்னும் அரவைப் பின்னும் இடவேண்டும். காதில் விழுவதோ ககரத்தின் ஒலிதான் முதலில். ஒலியின் ஒழுங்கும் எழுத்தின் ஒழுங்கும் இப்படி மாறி நிற்கும் இடத்தில் அந்தப் பிள்ளை தடுக்கி விழுகிறான். ரீச்சருக்கு அது வலுவிழப்பாகத் தெரியாது; பஞ்சியாகத் தெரியும், குழப்படியாகத் தெரியும். இவனுக்கு இரக்கம்கூடக் கிடைப்பதில்லை, ஏச்சுத்தான் கிடைக்கும். இத்தகைய பிள்ளைகள் ஏற்கெனவே எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். "எங்கடை பள்ளிக்கூடத்திலை அப்படிப் பிள்ளைகள் இல்லை" என்று சொல்லும் அதிபர் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் பொருள்.

அடுத்தது, ஆசிரியர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977இல் முன்வைத்த சுயவினைத்திறன் என்ற கருத்து இங்கே மிகவும் உதவும். ஒரு செயலைச் செய்ய என்னால் முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் நம்பிக்கையே அது. அந்த நம்பிக்கை நான்கு வழிகளால் வளரும் என்றார் அவர்: தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், பிறர் கொடுக்கும் ஊக்க வார்த்தை, பயமும் பதற்றமும் தணிந்த உடல் மனநிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வார்த்தை அதற்குப் பின்னால்தான்.

எங்கள் செயலமர்வுகளை இதோடு வைத்துப் பாருங்கள். மண்டபத்தில் நூறு ஆசிரியர்களை இருத்தி, வளவாளர் ஒருவர் திரையில் படம் காட்டி, உட்படுத்தல் ஏன் நல்லது என்று நாள் முழுக்க உரையாற்றுவார். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். நான்கு வழிகளில் பலம் குறைந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் மனம் மாறவில்லை என்று பிறகு குறைப்படுகிறோம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி என்ன பயன்? திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாதது.

ஒரு வகுப்பை உதாரணத்துக்கு எடுப்போம். தரம் நான்கு, கணிதம். பார்வை குறைந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். முழுக்கப் பார்வை இல்லாதவள் அல்ல. கரும்பலகைக்கு நேரெதிரே யன்னல். காலை வெயில் பலகையில் பட்டுப் பளபளக்கிறது, அவள் கண்ணைச் சுருக்குகிறாள், எழுதுவதை நிறுத்திப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறாள். ரீச்சர் அதைப் பார்த்து எழுதுதல் என்று எடுத்து ஏசுகிறார். இதே வகுப்பில் மூன்று மாற்றங்கள் செய்யலாம். யன்னலின் ஒரு கதவைச் சாத்தி அவளைப் பக்கவாட்டாக முன்னுக்கு இருத்துவது. எழுதும்போதே ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்வது: "நானூற்று முப்பத்தாறு, கீழே இருநூற்று ஐம்பத்தெட்டு, கழித்தல்." பயிற்சித்தாளைக் கடையில் ஏ3 தாளில் பெருப்பித்துப் பிரதி எடுப்பது. செலவு சில ரூபாய்கள். அடுத்த தவணை அவள் கணக்குச் செய்துகாட்டும்போது ரீச்சரின் முகத்தைப் பாருங்கள். பத்துச் செயலமர்வு செய்யாததை அந்த ஒரு கழித்தல் கணக்குச் செய்துவிடும். இன்னொன்றும் நடந்திருக்கும். இலக்கத்தை வாய்விட்டுச் சொன்னதால் பின்வாங்கில் கவனம் சிதறும் நாலைந்து பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள்.

செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு இன்னும் எளிய ஒன்று தேவை. பலகையைப் பார்த்தபடி பேசுவது எங்கள் பழக்கம். எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசினால், செவிக்கருவி போட்ட பிள்ளை உதட்டையும் பார்த்து விளங்கிக்கொள்வாள். மழைக்காலத்தில் தகரக் கூரை வகுப்பில் யாருக்குமே கேட்காது. அந்த நேரம் பலகையில் எழுதிக் கற்பித்தால் அவளும் மற்றவர்களும் ஒரே நிலை. சைகை மொழியையே தன் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு இது போதாது என்பதையும் சொல்லவேண்டும். சைகை தெரிந்த ஆசிரியரோ தோழரோ இல்லாத வகுப்பில் அந்தப் பிள்ளை கூட்டத்துக்குள் தனித்துத்தான் இருப்பாள். சமவாயத்தின் 24ஆம் உறுப்புரையே சைகை மொழியைக் கற்க வழிசெய்வதையும், செவிப்புலனற்ற சமூகத்தின் மொழி அடையாளத்தை வளர்ப்பதையும் தனியாகக் குறிப்பிடுகிறது. அதனால் கைதடிப் பாடசாலையை மூடிவிடுங்கள் என்பது உட்படுத்தலுக்குப் பொருளல்ல. அங்கே பல பத்தாண்டுகளாகத் திரண்ட அறிவு சாதாரண பாடசாலைகளுக்கும் வந்துசேர வேண்டும்.

நடத்தையில் வேறுபடும் பிள்ளையைப் பற்றி மேலோட்டமாக நம்பிக்கை வார்த்தை சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஆசிரியருக்கு அது உண்மையிலேயே கடினம். ஆனாலும் காரணத்தைத் தேடினால் பாதி வழி திறக்கும். காலைப் பிரார்த்தனையில் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலி அவன் காதில் மற்றவர்களுக்குக் கேட்பதுபோல் கேட்பதில்லை. ஒலிபெருக்கியை விட்டுத் தூர, வேம்பின் கீழ், ஒரு நண்பனோடு நிற்க விட்டால் ஓட்டம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளையின் தாயிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "வீட்டிலை இவன் எதுக்குப் பயப்படுவான்?" தாய்மாரிடம் இருக்கும் அறிவை நாங்கள் போதியளவு பயன்படுத்துவதில்லை. அவர்களைக் கூப்பிடுவது முறைப்பாடு சொல்ல மட்டும்தான்.

மூன்றாவது, சூழல். யாழ்ப்பாணத்தில் சூழல் என்று பேசத் தொடங்கினால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டிப் போக முடியாது. பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை தொங்கும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்பது ஊரெல்லாம் பேச்சாகும். ரீச்சரின் பெயரும் அந்த எண்ணிக்கையோடு ஒட்டிக்கொள்ளும். நாலாம் ஐந்தாம் தரத்தில் வலுவிழப்புள்ள பிள்ளை சேரும்போது மற்றப் பெற்றோர் வந்து, "உந்தப் பிள்ளையாலை எங்கடை பிள்ளையளின்ரை படிப்புக் குழம்புது" என்பார்கள். ரீச்சரின் தயக்கத்தில் பாதி அவருடையதல்ல, அவர்மேல் ஏற்றப்பட்டது. நல்ல பள்ளிக்கூடம் என்று ஊர் எதைச் சொல்கிறதோ அதற்கேற்பத்தான் ஆசிரியரின் மனமும் வளையும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி பாடக்குறிப்பையும் புள்ளிப் பட்டியலையும் பார்ப்பார். பின்வாங்குப் பிள்ளை இந்தத் தவணை என்ன கற்றான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத ஒன்றுக்கு நேரம் ஒதுக்குமாறு ஆசிரியரை மட்டும் எப்படி வற்புறுத்துவது?

அதிபரின் இடம் இங்கே பெரியது. அதிபர் ஒருவர் ஓய்வறையில் சாதாரணமாகக் கேட்கும் ஒரு கேள்வி, "அவள் இந்தக் கிழமை எப்படி?" என்பது, எந்தச் சுற்றுநிருபத்தையும்விட வேகமாக ஆசிரியர்களின் கவனத்தைத் திருப்பும். வகுப்பாசிரியரின் வேலைப்பளுவில் ஒன்றைக் குறைத்துக் கொடுப்பதும் அவர் கையில்தான் இருக்கிறது.

கட்டடங்களும் மனப்பாங்கை உருவாக்குகின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் தாராளமாகப் பணம் அனுப்புகிறார்கள். மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. சாய்தளம் மட்டும் இல்லை. இருந்தாலும் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் பயன்படும் அளவுக்குச் செங்குத்து. மலசலகூட வாசலில் இரண்டு படி. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகல் வசதி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இலேயே வந்துவிட்டன. மாடிப்படியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை நாள்தோறும் ஒரு சுமையாகவே அறிமுகமாகிறான். வகுப்பைக் கீழே மாற்றினால் அதே ஆசிரியருக்கு அவன் ஒரு மாணவனாகத் தெரிவான். பணம் அனுப்பும் அண்ணாமாரிடம் ஒரு வேண்டுகோள்: வரைபடம் வந்ததும் சாய்தளமும் அகலக் கதவுள்ள கழிப்பறையும் எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது நடக்கும்.

போரின் நினைவும் எங்கள் மனப்பாங்கில் கலந்திருக்கிறது. மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். யாழ் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக்கால் பொருத்தி மறுபடி வேலைக்குப் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். அதனால் உடல் வலுவிழப்பைப் பார்த்து இங்கே யாரும் வெருளுவதில்லை. பிறவியிலேயே வந்த வலுவிழப்பு, அதிலும் அறிவுசார் வலுவிழப்பு என்றால் பார்வை வேறு. முற்பிறப்பு வினை என்ற பேச்சு, அக்காவின் கலியாணம் தடைப்படும் என்ற பயம், பிள்ளையைப் பிறர் கண்ணில் படாமல் வைத்திருக்கும் வழக்கம் எல்லாம் இன்னும் ஒழியவில்லை. ஆசிரியரும் இதே ஊரில் வளர்ந்தவர்தான். பயிற்சிக் கல்லூரியில் கற்றது ஒன்று, ஆச்சி சொல்லிக் கேட்டது ஒன்று என்று இரண்டும் அவருக்குள் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சாதாரண பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கவேண்டும் என்ற பிரகடனத்தைச் செய்தார்கள். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதியை மறுக்கக்கூடாது என்கிறது. மேலே சொன்ன ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே வருடம் கட்டாயக் கல்வி வயது 16 வரை உயர்த்தப்பட்டது. 

ஆசிரியரின் மனப்பாங்கை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். ஆனால் மனப்பாங்கு மாறட்டும், பிறகு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உரிமை ஆசிரியரின் விருப்பத்தில் தங்கியிருக்கக்கூடாது. தவிர, பிள்ளை வகுப்புக்கு வராமல் மனப்பாங்கு மாறப்போவதும் இல்லை. நேரடி அனுபவம் உள்ள ஆசிரியர்களே கூடுதல் ஆதரவாக இருக்கிறார்கள் என்பது இந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. உதவி எதுவும் கொடுக்காமல் பிள்ளையை வகுப்பில் தள்ளிவிட்டால் அனுபவம் கசந்துபோகும். இருந்த நல்ல மனமும் கெட்டுவிடும். முதல் வருடத்தில் கைவிடப்பட்ட ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குக் கதவைச் சாத்துவார். அதற்கு அவரை மட்டும் குறைசொல்ல முடியாது.

அந்த உதவி வானத்திலிருந்து வரவேண்டியதில்லை. விசேட கல்வி அலகின் ஆசிரியர் தன் அறையை விட்டு வெளியே வந்து, கிழமைக்கு இரண்டு பாடவேளை சாதாரண வகுப்பில் கூட நிற்கலாம். இது நடந்தால், பண்டுரா சொன்ன இரண்டாவது வழியும் சேர்ந்து வேலைசெய்யும்: தன் வகுப்பில், தன் பிள்ளையோடு, இன்னொருவர் செய்வதை வகுப்பாசிரியர் நேரே பார்க்கிறார். கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பயிலுனரும் வலுவிழப்புள்ள ஒரு பிள்ளையோடு ஒரு தவணையாவது வேலைசெய்யும்படி ஒழுங்கு செய்யலாம். தீவகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இயங்கும் சின்ன வகுப்புகள் இருக்கின்றன. மூடுவதா வைத்திருப்பதா என்று பேசப்படும் அந்தப் பாடசாலைகள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான இடங்கள் என்பது என் எண்ணம்.

செயல்நிலை ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கும் ஆசிரிய மாணவர்களுக்கு ஒரு சொல். "வலுவிழப்புள்ள பிள்ளைகள் சாதாரண வகுப்பில் கற்கவேண்டும்: உடன்படுகிறேன், உடன்படவில்லை" என்று வினாக்கொத்துக் கொடுத்தால் எல்லோரும் உடன்படுவார்கள். நல்ல பதில் எது என்று ஆசிரியருக்குத் தெரியாதா? அதைவிட ஒரு பிள்ளையை வரைந்து காட்டிக் கேளுங்கள்: "உங்கள் தரம் மூன்று வகுப்புக்கு வரும் தவணையில் ஒரு பிள்ளை வருகிறான். பேச்சுக் குறைவு, கழிப்பறைக்குப் போக உதவி தேவை. முதல் கிழமை என்ன செய்வீர்கள்? எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" இப்போது வரும் பதிலில் மனப்பாங்கின் நம்பிக்கை, உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றும் தெரியும். முடிந்தால் வகுப்புக்குப் போய் இருந்து, அந்தப் பிள்ளையிடம் ஒரு பாடவேளையில் எத்தனை தரம் பேசப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வினாக்கொத்துச் சொல்லாததை அந்த எண்ணிக்கை சொல்லும்.

பெற்றோருக்கும் ஒன்று. தவணை தொடங்க முன்னரே வகுப்பாசிரியரைச் சந்தித்துவிடுங்கள். மருத்துவ அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதிலுள்ள சொற்கள் ரீச்சருக்குப் பயத்தைத்தான் கொடுக்கும். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைக்கு எது பிடிக்கும், எது ஆகாது, குழம்பினால் எப்படி ஆற்றுவது, வீட்டில் எதைத் தானே செய்வான், உங்கள் தொலைபேசி இலக்கம். சலுகை கேளாதீர்கள், வேலை கேளுங்கள்: "இவனிட்டையும் கேள்வி கேளுங்கோ ரீச்சர், பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை." பரீட்சைகளில் மேலதிக நேரம், பெரிய எழுத்து அல்லது பிரெயில் வினாத்தாள், எழுதுவதற்கு உதவியாளர் போன்ற ஏற்பாடுகளுக்குப் பாடசாலை ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்படும். பரீட்சை நெருங்கும்வரை காத்திராமல், வருடத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரோடும் அதிபரோடும் இதைப் பேசித் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.